அவன் பக்கச் சுவர்

அவள் கண் விழித்தபோது சுவரில் குழந்தை இல்லை.

ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, படம் மறைத்திருந்த சுண்ணாம்பு ஒரு கட்டமாக வெளுத்துத் தெரிந்தது.

திருடன் எடுத்துப்போகிற பொருள் அல்ல அது. கண்ணாடி போட்ட படம். கொழுகொழுவென்று ஒரு குழந்தை, பொன்னிற முடி, நீலக் கண். அச்சடித்தது சிவகாசியில். குழந்தைக்கு எந்த ஊர் என்று தெரியாது.

மாமனார் வாங்கி வந்து, சட்டம் போட்டு, அவரே ஆணி அடித்து மாட்டியது. அவள் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். எழுந்ததும் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். அப்போதுதான் கரு தங்கும். தங்குவதும் அதே ஜாடையில் தங்கும்.

அதே ஜாடையில் பிறந்துவிட்டால் சாத்தூர் என்ன கேட்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

யோசிக்கத் தெரியாதவர் இல்லை தங்கமாரியப்பன் சார். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தவளையின் இதயத்தைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைவார். இனப்பெருக்கம் என்ற பாடம் வரும்போது மட்டும், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

அவர் வீட்டில் அந்தப் பாடம் அவள் தலையில் விழுந்தது.

பப்பாளி வாசலோடு நின்றது. பானைத் தண்ணீரும் கூடாது, கர்ப்பப்பை குளிர்ந்துவிடும். இடுப்புக்குக் கீழே தலையணை. கால் இரண்டும் சுவரில். மனசைப் போட்டு உழப்பினால் தங்காது, கவலையே படாதே என்று அத்தை தினமும் கவலையோடு சொன்னாள்.

அவள் புருஷனைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒற்றைக் கையில் கேஸ் சிலிண்டர் தூக்குகிறவன். அதற்கு மேல் ஒரு மருத்துவச் சான்று அந்த வீட்டுக்குத் தேவைப்படவில்லை.

நேற்று மதுரையில் டாக்டரம்மாவுக்குத் தேவைப்பட்டது.

சிலிண்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் நிதானமாகச் சொன்னார். அவளிடம் ஒரு குறையும் இல்லை. மருந்து அவனுக்குத்தான். சில மாதம் சாப்பிட்டுப் பார்க்கலாம், நம்பிக்கை இருக்கிறது.

திரும்பும் பேருந்தில் அவள்தான் பேச்செடுத்தாள். வீட்டில் சொல்ல வேண்டாம், தனக்குத்தான் கோளாறு என்றே இருக்கட்டும் என்றாள். பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு வளைகாப்பு. அன்றைக்கு நீ வீட்டைப் பார்த்துக்கொள் என்று அத்தை ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதையும் சேர்த்துத் தாங்கிக்கொள்ளலாம்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான்.

சரி என்கிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

டொக்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலின் அந்தப் பக்கம், அவன் முகம் வைத்துப் படுக்கிற சுவரருகே, முக்காலியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தான். படத்தை இடுப்போடு சேர்த்து இடுக்கியிருந்தான். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவன் மாதிரியே இருந்தது.

இரண்டாவது அடி கட்டைவிரலில் விழுந்தது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடி அடித்தான்.

அவன் சிலிண்டர் தூக்கியபோதெல்லாம் அவள் இப்படிப் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு மாமனார் வந்துவிட்டார். அந்த வீட்டில் ஆணி அடிக்கிற உரிமை அவருடையது. கையில் பேப்பர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. பின்னாலேயே அத்தை, கையில் கரண்டியோடு.

வாசற்படியில் நின்றபடி அவர் விளக்கினார். படம் அந்தப் பக்கம் இருந்தால் பலன் இல்லை. பெண் பார்வை படுகிற இடத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.

அவன் படத்தை மாட்டினான். முக்காலியிலிருந்து இறங்கவில்லை.

"பாக்க வேண்டியவன் நான்தாம்ப்பா. நேத்து டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவளுக்கு ஒண்ணுமில்ல."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அத்தை போகவில்லை.

மாமனார் வாய் திறந்தார். முப்பது வருஷம் வகுப்பெடுத்த வாய், அதுவாகவே திறந்தது. ஆனால் அது அவர் பக்கத்தைத் திருப்பிவிட்ட பாடம்.

பேப்பரை மடித்தார். இன்னும் சிறிதாக மடித்தார்.

பிறகு அறைக்குள் வந்து, சாய்ந்திருந்த படத்தை ஒரு விரலால் நேராக்கினார். மகன் தோள் அளவுக்குக் கை போனது. தொட்டதா இல்லையா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

அவன் முக்காலியிலேயே நின்றான், இறங்க மறந்தவன் போல.

நீலக் கண் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தது.

அவள் எழுந்தாள். தலையை அள்ளி முடிந்தாள். பீரோவைத் திறந்து, அடியிலிருந்து அரக்குப் பட்டுச் சேலையை உருவினாள். கல்யாணத்துக்குப் பிறகு மடிப்புக் கலையாதது. ஹேங்கரில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் காற்றாட, தன் பக்கத்துச் சுவரில் காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள்.

அத்தை வாசற்படியிலேயே நின்றிருந்தாள்.

சேலையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள்.