ஹாலில் ஒரு படுக்கை

கார் கழிந்து கூதிர் புகுந்திருந்தது. வெயில் மெலிய, வாடை மெல்ல எழுந்து, பிரிந்தவரையும் இல்லம் நோக்கித் திருப்பும் பருவம் அது.

"எடை குறைக்கிற ஊசி ஆரம்பிச்சதுலேர்ந்து இவர் ஹால்லதான் படுக்கிறார், டாக்டர். நாலு மாசமாச்சு," என்றாள் மனைவி.

அவ்விருவரையும் அன்றுதான் முதன்முறை காணும் மருத்துவர், கணவர் பக்கம் திரும்பினார்.

"கூச்சப்படாதீங்க. இந்த ஊசியால சிலருக்கு ஆசை குறையும், சிலருக்குக் கூடவும் செய்யும். உங்களுக்கு எப்படி?"

"எனக்குக் குறையவேயில்லை, டாக்டர்."

"வாந்தி, சோர்வு?"

"ஒண்ணுமில்லை."

"அப்புறம் ஏன் ஹால்ல?"

"குறையும்னு படிச்சேன். விருப்பமில்லாதவளைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "ஊசி யாருக்கு?"

"எனக்கு," என்ற மனைவி, கணவரைப் பார்த்தாள். "எனக்கு எதுவும் குறையலைங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் இளைச்சது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு தினமும் வெந்துக்கிட்டிருந்தேன்."

"கேட்டா எனக்காகச் சரின்னுடுவே. அதான் கேக்கலை."

அவள் கண்மூடி, மடிமீது கைகூப்பி, ஒரு கணம் இறைவனைத் தொழுதாள்.

"மருந்து ஒண்ணும் வேணாம்," என்றார் மருத்துவர். "ஒரே அறையில நூறு வருஷம் நல்லா இருங்க."