சீட்டில் விட்ட வரி

“டார்லா, உங்க அண்ணன்மாருக்கு ஒரு பீப்பாய்த் தண்ணி போதுமா, ரெண்டு வாங்கட்டுமா?” என்று வாசலில் நின்றபடி கேட்டான் ராய்ஸ். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நீ செய்யற பன்றித்தொடை ஹாம் உப்பாலயே குப்பைக்குப் போற ரகம்.”

“முதல்ல போய் பிரவுன் சர்க்கரையும் கிராம்பும் வாங்கிட்டு வாங்க. வாய் அப்புறம் பேசலாம்,” என்றாள் டார்லா. அவளுக்குக் கோபமே வரவில்லை.

ராய்ஸ் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். அடுப்படி மேசையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா வெல்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டே நாள். இடுப்பு எலும்பு முறிந்து, இருந்த வீட்டையும் விற்றுவிட்டு, வெல்மா மகன் வீட்டோடு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. இத்தனை வருஷமும் கிறிஸ்துமஸ் விருந்து அவள் வீட்டில்தான். மகனும் மருமகளும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். இந்த வருஷம் முதல் தடவையாக விருந்து இங்கே. டார்லாவின் அண்ணன்மார், அண்ணிகள், பிள்ளைகள் என்று பதினாலு பேர் வருகிறார்கள்.

அத்தனை பேர் முன்னாலும் டார்லாவின் மானம் போகப் போகிறது. அதற்குக் காரணம் யார் என்று வெல்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“டார்லா, இப்படி வந்து உக்காரு. ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க அத்தை, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“உக்காருன்னா உக்காரும்மா.”

துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு டார்லா உட்கார்ந்தாள்.

“உன் கல்யாணத்தப்போ ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேனே, ஹாம் செய்யற பக்குவம்?”

“பத்திரமா இருக்கு அத்தை. அதைப் பார்த்துத்தானே ஒவ்வொரு ஈஸ்டருக்கும் செய்யறேன்.”

“அதுல ஒரு வரியை விட்டுட்டேன்.”

“மறந்திருப்பீங்க.”

“மறக்கல. வேணும்னேதான் விட்டேன்.” வெல்மா மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நம்ம ஊர் ஹாம் மாசக்கணக்கா உப்புலயே கிடந்து வர்றது. வேக வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பச்சைத் தண்ணியில ஊறப் போடணும். நாலஞ்சு தடவை தண்ணி மாத்தணும். அப்பதான் உப்பு இறங்கும். அதுக்கப்புறம்தான் சர்க்கரை, கடுகு, கிராம்பு எல்லாம். அந்த ஊறப் போடறதை நான் எழுதல.”

எங்கள் கென்டக்கிப் பக்கம், பெண்கள் பக்குவம் எழுதித் தரும்போது எதையாவது ஒன்றை விழுங்கிவிடுவது வழக்கம்தான். ஆனால் அது ஒரு சிட்டிகை ஜாதிக்காயாக இருக்கும். வெல்மா விழுங்கியது இரண்டு நாள் வேலையை.

“ஏன் அத்தை?” என்றாள் டார்லா மெதுவாக.

“உங்க மாமா காலமான வருஷம் அது. எனக்கு ஒரே பிள்ளை. அவனும் உன் கைச் சமையல்ல மயங்கிட்டா, என் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டானோன்னு பயம். நினைச்ச மாதிரியே நடந்தது. உன் முதல் ஈஸ்டர் ஹாமைத் தின்னுட்டு, ‘கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கே போயிடலாம்’னுட்டான். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அவன் உன்னைக் கேலி பண்ணும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். போன ஈஸ்டருக்கு நான் இங்க வந்திருந்தப்போ, யாரும் தின்னாத மிச்சத்தை நீ எடுத்துக்கிட்டு உள்ளே போனே பாரு, அப்பகூட வாயைத் திறக்கல. பாவி நான்.”

டார்லா கையிலிருந்த துணியை மடித்து மேசையில் வைத்தாள்.

“இப்ப விழுந்து கிடக்கறப்போ நீதான் குளிப்பாட்டறே, நீதான் சாப்பாடு போடறே. ஒரு வாய்கூடத் தொண்டையில இறங்க மாட்டேங்குது. என்னை எந்த முதியோர் இல்லத்துல வேணும்னாலும் கொண்டு தள்ளு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். அந்த ஹாமை மட்டும் இப்பவே எடுத்துத் தண்ணியில போட்டுடு. இனிமேலும் தள்ளினா நேரம் பத்தாது.”

டார்லா எழுந்தாள். இந்த ஒரு வீட்டை விட்டால் வெல்மாவுக்குப் போக்கிடம் இல்லை.

டார்லா அவள் கையைப் பிடித்து எழுப்பி, மெல்ல நடத்திக்கொண்டு, பின்பக்கம் துணி துவைக்கும் அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே பெரிய தொட்டி நிறையத் தண்ணீர். அதில் முழுசாக முங்கிக் கிடந்தது பன்றித்தொடை.

“நேத்தே போட்டாச்சு அத்தை. ரெண்டு தடவை தண்ணியும் மாத்திட்டேன்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அதைக் கட்டி வர்ற துணிப்பையிலயே ஊறப் போடச் சொல்லி அச்சடிச்சிருக்கு. முதல் ஈஸ்டருக்கு மறுநாளே படிச்சுட்டேன்.”

வெல்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “பின்னே ஏண்டி பன்னிரண்டு வருஷமா உப்புக் கரிக்கக் கரிக்கச் செஞ்சே? அவன்கிட்ட அத்தனை பேச்சு வாங்கினியே?”

“நல்லா செஞ்சிருந்தா, கிறிஸ்துமஸுக்கு அவரை உங்க வீட்டுக்கு எப்படிக் கூட்டிட்டு வர்றதாம்?” என்றாள் டார்லா, தண்ணீரை மாற்றுவதற்காகத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியபடி. “இந்த வருஷம்தான் நீங்களே இங்க வந்துட்டீங்களே அத்தை.”