அளவு காட்டும் திரை

"இன்னைக்கே மாட்டணுமா?" சோளமாவுக் கெங்கியை மென்றபடி கேட்டான் அடோமாகோ. "மூணு வருஷமா நான் கெஞ்சினப்போ, 'திரையைப் பார்த்து லேத் ஓட்டுறவன்லாம் ஒரு டர்னரா'ன்னு கிண்டலடிச்சியே!"

"இன்னைக்கே."

கானாவின் குமாசி நகரில் எங்கள் பட்டறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. லேத்துகளுக்கு அளவு காட்டும் டிஜிட்டல் திரை பொருத்துவது அவன் தொழில்.

"கண்ணு மங்கிப்போச்சா, டர்னர் துரை?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? வந்திருக்கிறது ஒரு லாரியோட ஸ்டியரிங் பின். தூக்கத்துலயே கடைஞ்சிடுவ."

"ஒரு மயிரிழை குறைஞ்சா?"

"மாம்போங் மலை இறக்கத்துல சக்கரம் ஆடும். டிரைவரை அள்ளித்தான் எடுக்கணும். ஆனா உன் கையில என்னைக்குடா குறைஞ்சிருக்கு?"

அவன் கருவியைப் பொருத்தி, திரையை என் பக்கம் திருப்பினான்.

"வேண்டாம். லாரிக்காரர் நிற்கிற பக்கம் திருப்பு."

"உன் அளவை அவர் ஏன்டா பார்க்கணும்?"

வாசலில் நின்ற லாரியைக் காட்டினேன். அதன் பின்பலகையில் சிவப்பு எழுத்தில் 'யாருக்குத் தெரியும்?' என்றிருந்தது.

அடோமாகோவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது.

போன மழைக்காலத்தில், லாரி மோதி இறந்துபோன என் மனைவி செர்வாவை மடியில் போட்டுக்கொண்டு நடுச்சாலையில் நான் படித்தது அந்த எழுத்தைத்தான். டிரைவர் மேல் தப்பில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு நான் போகாததால், அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"கண்ணுல கோளாறு இல்லை, அடோமாகோ," என்றேன். "கையைத்தான் நம்ப முடியலை."