சொந்தக் குரல்

டப்பிங்குக்காகப் போடி லாட்ஜ் அறை ஒன்றின் ஜன்னல்களைக் கம்பளியால் மூடியிருந்தார்கள். சத்தம் வரக் கூடாதென்று ஃபேனும் ஓடவில்லை.

லேப்டாப்பில் முனீஸ்வரியின் முகம் உறைந்து நின்றது. போன மழைக்காலத்தில் மலைமேல் ஏலத்தோட்டத்தில் எடுத்தது. அங்கே காய் பறிக்கிறவள் அவள். படத்தில் ஒரே ஒரு காட்சி. இயக்குநர் சூர்யபிரகாஷ் எழுதாத வசனத்தை அவளாகவே பேசியிருந்தாள்.

“மருந்தடிச்ச அன்னைக்கே எங்கள உள்ள எறக்கிவிட்டாக. எங்க மதினி ரத்தமா கக்கிச் செத்தா.”

படத்தை வெளியிடப்போகிறவர் ஒரு டிவி சேனலின் முதலாளி. அதே மலையில் அவருக்கும் எஸ்டேட் இருக்கிறது. வசனம் மாறினால்தான் படம் வெளியே வரும். சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

சூர்யபிரகாஷ் அவளைப் பார்க்காமல் மைக்கைத் திருகினான். “தோட்ட மொதலாளியப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை போதும்க்கா.”

“மாட்டேன்னா?”

“வேற யாரையாச்சும் பேச வச்சிருவாங்க. மூஞ்சி மட்டும் உங்களுது.”

அவன் எழுதிக் கொடுத்தது எதுவும் உதட்டோடு ஒட்டவில்லை. முனீஸ்வரிக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது. சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னாள். தன் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தவள், தானாகவே மைக் பக்கம் குனிந்தாள்.

“மொதலாளி வேத்தாளு இல்ல. எனக்கு எங்கப்பன் எப்படியோ, அப்படித்தான் அவரும்.”

குரல் நடுங்கவில்லை. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மூக்கம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

உதடு அப்படியே ஒட்டியது. சூர்யபிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் அனுப்பிவைத்தான்.

பதில் வந்தது. சேனல் முதலாளியே போட்டுக் கேட்டாராம். ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாமாம்.

“மொத ஷோ இங்க போடியிலதான்க்கா. உங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”

முனீஸ்வரி செருப்பை மாட்டினாள்.

“விடமாட்டாக தம்பி. மதுரை செயில்ல இருக்காரு. எங்க ஆத்தாள வெட்டுனதுக்கு. எங்க ராசிங்காபுரத்துல சின்னப்பிள்ளையக் கேட்டாலும் சொல்லும்.”

சூர்யபிரகாஷின் கை போனுக்குப் போனது. சேனல் எண்ணை எடுத்தவன் அழைக்கவில்லை.

பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “ஊர் ஜீப்பு வரைக்கும் நானும் வர்றேன்க்கா” என்றான்.