அடியில் கிடந்த கத்தரிக்காய்

"நல்ல காயெல்லாம் மேலயே இருக்கு. ஏன் சார் அடியில கையை விட்டுக் கிளறுறீங்க?" உழவர் சந்தையில் காய் விற்கும் அம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தவர் காதில் வாங்கவில்லை. கோணல் கத்தரிக்காய், வெடித்த தக்காளி என்று பார்த்துப் பார்த்துப் பையில் போட்டார்.

"அப்பா, இது பளபளன்னு அழகா இருக்குப்பா!" சின்னவள் ஒன்றை நீட்டினாள்.

"அழகா இருந்தா ஆபத்து கண்ணு. வச்சிடு."

"பிள்ளைங்க வயித்துக்குப் போறதுலயா சார் கஞ்சத்தனம்?"

"முழு விலையே வாங்கிக்கம்மா. பூச்சி கடிச்சதா இன்னும் ரெண்டு குடு."

பெரியவன் போட்டு உடைத்தான். "எங்க மாடித் தோட்டம் முழுக்கக் காஞ்சு போச்சு ஆன்ட்டி. ஆனா அப்பா, காய்ச்சுக் கொட்டுதுன்னு மாமாகிட்ட போன்ல அளந்து விட்டிருக்காரு. மாமா தோட்டத்துல நிஜமாவே கொட்டுதாம். இன்னைக்கு மதியம் அவர் சாப்பிட வர்றாரு!"

அப்பாவின் மானம் கப்பலேறியது.

"இதுக்கா இவ்வளவு பாடு?" அம்மாள் சிரித்தபடி மேசைக்கடியிலிருந்து ஒரு கூடையை இழுத்தாள். இலை, காம்பு, பூச்சிக்கடி, எல்லாம் கச்சிதமாக இருந்தன. "மாடித் தோட்டக்காரங்களுக்குன்னே தனியா எடுத்து வைக்கிறேன் சார்."

போன உயிர் திரும்பி வந்தவராக அவர் கூடைக்குள் கையை விட்டார். பின்னாலிருந்து இன்னொரு கையும் உள்ளே நுழைந்தது.

"அக்கா, வழக்கம்போல எனக்கு ரெண்டு கிலோ..."

"ஐ, மாமா!" என்று கத்தினாள் சின்னவள்.