ரிஸ்க் நம்பர் ஒண்ணு

“ஏண்டா சீனு, எங்க ஊட்டுக்காரர் பேரைக் கரண்ட் கட்டுக்கும் மேல எதுக்கு எழுதி வெச்சிருக்கே?”

அக்கா ராமாமணி கேட்டதும் சீனிவாசலு சார்ட்டை அவசரமாகச் சுருட்டினான்.

பீளமேட்டு மோட்டார் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். பெங்களூருக்குப் போய் ‘ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்’ ட்ரெயினிங் முடித்து வந்த சூடு இன்னும் ஆறவில்லை. அதற்குள் தங்கச்சி கல்யாணம் வந்து கையில் மாட்டியது. விடுவானா? எந்த வேலை எப்போது, யார் பொறுப்பு, எது சொதப்பும், சொதப்பினால் மாற்று என்ன என்று கலர் கலராகக் கோடு போட்டுத் தள்ளிவிட்டான்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர். மழை வந்தால் தகரக் கொட்டகை. சத்தியமங்கலத்து மல்லி பஸ்ஸில் வராவிட்டால் எடுத்து வர ஒரு கார். இத்தனைக்கும் மேலே, சிவப்பு மையில்: ‘ரிஸ்க் நம்பர் 1. பாலுசாமி பாவா. கோபம்.’

“தப்பா எடுத்துக்காதக்கா. பாவா கோவிச்சுக்காத விசேஷம் ஒண்ணே ஒண்ணு சொல்லு, அழிச்சுப்போடறேன்.”

அக்கா என்னத்தைச் சொல்லுவாள்? பெரியப்பா மகள் சீமந்தத்தில் வளையல்காரரைக் காணோம் என்று எல்லாரும் தவித்துக் கிடக்க, இவர் காப்பியில் சர்க்கரை இல்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நிச்சயதார்த்தத்தன்று தட்டு ஏற்றிவந்த வண்டி உக்கடத்தில் பஞ்சராகி நின்றது. அந்தக் கூத்து போதாதென்று, “எனக்குன்னே பார்த்து ஆடற நாற்காலியைப் போட்டிருக்கீங்க” என்று இவர் ஒரு பாட்டம் ஆடினார்.

இந்தத் தடவை மட்டும் அப்படி ஏதாவது நடந்தால் அவ்வளவுதான். சம்பந்தி நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். “எங்காளுங்களை எலைக்கு முன்னால காக்க வெச்சுப்போடாதீங்க.” அவர்கள் வீட்டு மூத்த மருமகள் கல்யாணத்தில் சோறு வரத் தாமதமாகி, பந்தியோடு எழுந்து போனவர்கள். அந்தப் பெண் இன்றுவரை பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கச்சிக்கும் அந்தக் கதி வந்தால்?

அதனால் பாவாவுக்கு ஒரு காவல் போட்டான். கூட வேலை பார்க்கும் ரசாக்.

“அவரு என்ன சொன்னாலும் ‘கரெக்டுங்க’ன்னு சொல்லு. வெத்தலை தீரவே கூடாது. பக்கத்தை விட்டு நகந்தே, தொலைச்சுப்போடுவேன்.”

கல்யாண நாள். பல்லடத்தில் மண்டபம். தாலி கட்டியாயிற்று. மல்லி வந்தது, மழை வரவில்லை, கரண்ட்கூடப் போகவில்லை. சீனிவாசலு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட நேரம், சமையல் மாஸ்டர் செங்கோடன் வேர்த்து வழிய வந்து காதைக் கடித்தார்.

“தம்பி, சத்தம் போடாதீங்க. வடிக்கறப்போ சோத்து அண்டா கவுந்துபோச்சுங்க. அத்தனையும் சாக்கடைல. மறுக்கா உலை வெச்சிருக்கேன். அரை மணி நேரம் எப்படியாச்சும் இழுத்துப் புடிங்க.”

சார்ட்டில் இது இல்லவே இல்லை.

அந்தப் பக்கம் சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டபடி எழுந்தார்.

“ஏனுங்க, பந்திக்குப் போலாமுங்களா?”

அவருக்குப் பின்னால் ரெண்டு பஸ் ஜனம் எழுந்தது. போதாக்குறைக்கு ரசாக் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“வெத்தலை துப்பீட்டு வாரேன்னு சமையக்கட்டுக்குப் பின்னால பொடக்காலிப் பக்கம் போனாருப்பா. ஆளைக் காணோம்!”

ஆள் எங்கேயும் போய்விடவில்லை. பந்திக் கூடத்து வாசலில் இடி மாதிரிக் கேட்டது குரல்.

“நில்லுங்க! ஒருத்தரும் உள்ள போகக் கூடாது! இந்த ஊட்டு மூத்த மாப்பிள்ளை நான். என்னைப் பந்திக்குக் கூப்பிட ஒரு நாதியில்லையா?”

சொன்னதோடு நிற்காமல், வாசலை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார் மனுஷன்!

“அடடா, எந்திரிங்க, எந்திரிங்க” என்று சம்பந்தியே பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினார். “நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமுங்க.”

“சாப்பாடா பெருசு? என் கல்யாணத்துல போட்ட மோதரம் லூசுங்க! தலை தீவாளிக்கு எடுத்த வேட்டி முட்டிக்குக் கீழ எறங்கலீங்க! மாமியா சுட்ட அதிரசத்துல எம்பல்லு ஆடிப்போச்சுங்க!”

“அச்சச்சோ! பல்லாட்டம் நின்னுதுங்களா?”

“எங்கீங்க நின்னுது?”

பஞ்சாயத்து என்றால் யாருக்குக் கசக்கும்? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வட்டம் கட்டி உட்கார்ந்து ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். மோதிரத்துக்கு ஒரு தீர்ப்பு, வேட்டிக்கு ஒரு தீர்ப்பு. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணோரம் நின்றாள்.

மானமே போச்சு என்று சீனிவாசலு பல்லைக் கடித்தான். அக்கா உறவு அறுந்தாலும் சரி, இந்த மனுஷனை இன்றைக்கு ரெண்டில் ஒன்று கேட்டே தீர்வது என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். சம்பந்தி எதிரில் எப்படித் திட்டுவது? கையைத்தான் கூப்ப முடிந்தது.

“பாவா, உங்க கால்ல உளுகறேன். எந்திரிங்க.”

பாலுசாமி தேம்புகிற மாதிரி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். துண்டால் வாயை மறைத்துக் காதுக்குள் கேட்டார்.

“சோறு வெந்துச்சா மாப்ளே? வெரசாச் சொல்லு. இனிமே கோவிச்சுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே பாக்கியில்லை!”