மணி அடித்தால் ஒரு நிமிடம்

"மேஸ்திரியம்மா, இன்னைக்கு மணி அடிச்சா உங்க ஆளுங்க ஒருத்தர்கூட வண்டிக்குக் குறுக்க வரக்கூடாது. ஆமா, சொல்லிட்டேன்!"

நிலைய அதிகாரி கத்தியது சாரத்தின் உச்சி வரைக்கும் கேட்டது.

"நாங்க எங்க சார் குறுக்க வர்றோம்? உங்க வண்டிதான் எங்க மணல் மேல ஏறி நிக்குது" என்றார் மேஸ்திரியம்மா, தலையிலிருந்த ஹெல்மெட்டைச் சரிசெய்தபடி. "முந்தாநாள் உங்க டிரைவர் வண்டியைத் திருப்புறேன்னு முன்னால போறாரு, பின்னால வர்றாரு, தொட்டில் ஆட்டுற மாதிரி. பாதிச் செங்கல் தூளாயிடுச்சு."

பழைய தீயணைப்பு நிலையத்தில் பாதியை இடித்தாயிற்று. மீதிப் பாதியில் நிலையம் நடந்துகொண்டிருந்தது. அதிகாரியின் மேசை மாடிப்படிக்கு அடியில். நனைந்த குழாய்கள் சாரக் கம்புகளில் காய்ந்தன. தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. அதன் பக்கவாட்டில் வீரர்களின் கோட்டுகளும் ஹெல்மெட்டுகளும் தொங்கின. ஓய்வறை என்று மிஞ்சியது பழைய சாமான் அறை ஒன்றுதான்.

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு" அதிகாரியின் குரல் இறங்கியது. "இன்னைக்கு மாவட்ட அதிகாரி வர்றாங்கம்மா. மணி அடிச்சு ஒரு நிமிஷத்துல வண்டி கேட்டைத் தாண்டணும். தாண்டலேன்னா, கட்டட வேலை முடியறவரைக்கும் நிலையத்தை மூடிடுவாங்க. அப்புறம் இங்க எங்கயாவது தீப்பிடிச்சா பக்கத்து ஊர்லேருந்துதான் வண்டி வரணும். வந்து சாம்பலைத்தான் அணைக்கணும்."

மேஸ்திரியம்மா சிரிக்கவில்லை. "எங்க வீடும் இந்த ஊர்லதானே சார் இருக்கு? கவலைப்படாதீங்க, வண்டி போகும்."

"நீங்க எல்லாரும் ஓரமா நின்னா போதும். அதுவே பெரிய உபகாரம்."

அதிகாரி ஓய்வறைக்குள் எட்டிப் பார்த்தார். டிரைவரும் நான்கு வீரர்களும் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பூட்ஸைக் கழட்டாதீங்கடா. மணி அடிக்கிறவரைக்கும் ஒருத்தனும் வெளிய தலைநீட்டக் கூடாது. கதவைச் சாத்திக்குங்க, மாவட்ட அதிகாரியம்மா கண்ணுல உங்க அழுக்குத் துணியெல்லாம் படவேணாம்."

கதவு சாத்தப்பட்டது. அவர் போய்க் கேட்டருகே நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மாவட்ட அதிகாரியின் ஜீப் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

இறங்கியவர் நாலு பக்கமும் பார்த்தார். "இங்க நிலையம் எங்க இருக்கு? எனக்குச் செங்கல் குவியல்தான் தெரியுது."

"அதுக்குப் பின்னாடி இருக்கு மேடம்."

"வண்டி?"

"மணலுக்குப் பின்னாடி மேடம்."

"ஆளுங்க?"

"உள்ள தயாரா இருக்காங்க மேடம். இந்த இடிபாட்டுக்கு நடுவுலயும் ஒரு அழைப்பைக்கூட நாங்க விட்டதில்லை."

"வாய்ச்சொல் எல்லா நிலையத்துலயும் இப்படித்தான் இருக்கு" என்றவர், கேட்டுச் சுவரிலிருந்த பொத்தானைத் தானே அழுத்தினார்.

மணி அலறியது.

ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. 'முடிஞ்சது கதை' என்று நினைத்தார் நிலைய அதிகாரி.

அடுத்த கணம் தடதடவென்று காலடிகள். கோட்டுகள் பறந்தன. எஞ்சின் உறுமியது. செங்கல் தூசி புகைபோல எழும்பி எல்லார் முகத்தையும் மறைத்தது. மணல் குவியலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் வண்டி ஒரே வீச்சில் வளைந்து, கேட்டைத் தாண்டி, சைரன் முழங்கத் தெருவில் பாய்ந்தது.

மாவட்ட அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் ஆகவே இல்லையே! யாருங்க அந்த டிரைவர்? இந்தச் சந்துல வண்டியை ஊசியில நூல் கோக்கிற மாதிரி எடுத்துட்டுப் போறாரு!"

"நம்ம பையன்தான் மேடம்" என்றார் அதிகாரி. தொட்டில் ஆட்டுகிறவனுக்கு இந்த வித்தை எப்போது வந்தது என்று அவருக்கே புரியவில்லை. "எல்லாம் தினசரிப் பயிற்சி."

"புதுக் கட்டடத்துல உட்கார்ந்துக்கிட்டே ஆமை மாதிரி கிளம்புறவங்களைப் பார்த்திருக்கேன். நிலையம் இங்கயே நடக்கட்டும். நான் மேலிடத்துல பேசிக்கிறேன்." ஜீப்பில் ஏறியவர் மறுபடி தலையை நீட்டினார். "உங்க ஆளுங்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க."

ஜீப் தெருமுனையில் மறைந்ததும் அதிகாரி செங்கல் அடுக்கின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பு தானாகப் பொங்கியது. பயல்கள் திரும்பி வரட்டும், ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டும்.

அப்போதுதான் ஓய்வறைப் பக்கம் டமடமவென்று சத்தம் கேட்டது.

"சார்! யாராவது இருக்கீங்களா? கதவு திறக்கமாட்டேங்குது சார்! மணி அடிச்சதுலேருந்து அஞ்சு பேரும் முட்டிக்கிட்டிருக்கோம்!" அது டிரைவரின் குரல்.

அதிகாரி திகைத்து அண்ணாந்து பார்த்தார். சாரத்தில் ஓர் ஆள்கூட இல்லை.

இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"சார், வண்டியிலேருந்து மேஸ்திரியம்மா பேசுறேன். பெரியவங்க வர்றாங்களே, கதவு பார்க்கச் சகிக்கலையேன்னு ஓய்வறைக் கதவுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிச்சோம், அது நிலையோட ஒட்டிக்கிச்சு. உடைக்க நேரமில்லை, நிலையத்தை மூடிட்டா ஊருக்கு யாருன்னு நாங்களே கோட்டை மாட்டிக்கிட்டு ஏறிட்டோம், மணல் லாரி ஓட்டுற என் கொழுந்தன்தான் ஓட்டுறான்... அதெல்லாம் இருக்கட்டும், இந்தச் சைரனை எப்படி சார் நிறுத்தறது?"